மூடிய ஓட்டல்களைப் பற்றி எழுதப்போகும் தம்பிக்கு



மூடப்பட்ட ஓட்டல்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, கல்லூரி ஆண்டு மலரில் எழுதப்போவதாகச் சொல்லிக் கேள்விப் பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தாய். நல்ல வேலைதான், தாராளமாகச் செய். ஆனால் உன் கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ருசியைச் சுற்றியே வருகின்றன. எந்த ஓட்டலில் தோசை முறுகலாக இருந்தது, எங்கே காபி நன்றாக இருந்தது, அந்தச் சாம்பாரில் என்னதான் போட்டார்கள் என்றே கேட்கிறாய். ருசியைக் கேட்டால் ருசிதான் பதிலாக வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் செய்ய முடியாது. திறந்திருக்கும் கடையின் சாம்பாரை யாரும் குடித்துப் பார்த்துக் குறை சொல்லலாம். மூடிய கடையின் சாம்பாருக்கு அந்த ஆபத்து கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு அது மணம் கூடிக்கொண்டே போகும். மூடிய ஓட்டலை நினைத்து ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக்காக ஏங்கவில்லை என்பது என் கட்சி. கையில் இருக்கும் கொஞ்சக் காசுக்கு, யாரும் எழுப்பிவிடாமல் நெடுநேரம் உட்கார ஓர் இடம் கிடைத்ததே, அது போய்விட்டது என்பதுதான் அவர்களுடைய வருத்தம். சாப்பாட்டின் பெயரைச் சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னையில் இதற்கு நல்ல சான்று உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாகத் தொடங்கி, பெரிய ஓட்டல் அதிபரான கே. கிருஷ்ணராவ் 1938இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவின் மாளிகை ஒன்றை எடுத்து உட்லண்ட்ஸைத் தொடங்கினார். அந்த மாளிகையின் பெயர்தான் ஓட்டலின் பெயராயிற்று. பிறகு எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962இல் கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்தின் கைவசமிருந்த மரம் அடர்ந்த நிலத்தில், டிரைவ்-இன் வந்தது. காரை மர நிழலில் நிறுத்தினால் கதவிலேயே தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேசைகளும் இருந்தன. விற்பனைப் பிரதிநிதிகள் அதைத் தங்கள் அலுவலகம்போல வைத்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்கள் கதை பேசினார்கள், கல்லூரி மாணவர்கள் ஒரு காபிக்கு ஒரு மாலை முழுவதையும் கழித்தார்கள். 2008இல் அது மூடப்பட்டது. இப்போது ஒன்றைக் கவனி. கதீட்ரல் சாலையிலேயே கிழக்கே நடந்தால் அது ராதாகிருஷ்ணன் சாலையாக மாறும். அங்கே அதே கிருஷ்ணராவ் தொடங்கிய நியூ உட்லண்ட்ஸ் இருக்கிறது. அதே உடுப்பி மரபுச் சமையல்தான். வெறும் ருசிதான் போயிற்று என்றால், டிரைவ்-இன்னுக்காகப் பெருமூச்சு விடுகிறவர்கள் அங்கே நடந்துபோய் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். ஆனால் பெருமூச்சு ஓயவில்லை. அந்த மரங்களின் கீழே கிடைத்த இரண்டு மணி நேரத்தை அங்கே யாரும் பரிமாற முடியாதல்லவா?

இதை மறுத்து ஒருவர் சொல்லலாம்: ருசி உண்மையிலேயே மாறிவிட்டது, அதைக் கிழவர்களின் கற்பனை என்று தள்ளிவிடாதே என்று. இந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. விறகடுப்பு போய் எரிவாயு வந்தது. கோயம்புத்தூரில் 1950களில் உருவான வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லை ஓரங்கட்டியது. அரிசி ரகங்கள் மாறின, எண்ணெய் மாறியது. இவற்றால் இட்லியின் பதமும் வடையின் மணமும் மாறியே இருக்கும். ஆனால் இந்த மாற்றமெல்லாம் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே நடந்தது என்பதை மறக்காதே. ஆட்டுக்கல் போன அன்று யாரும் ஓட்டலுக்கு இரங்கற்பா எழுதவில்லை. கதவு சாத்தியபோதுதான் எழுதினார்கள். பெங்களூரு இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. 1983இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறந்தது. அதன் வழியில் நகரமெங்கும் தர்ஷினிகள் பெருகின. நின்றபடி சாப்பிட வேண்டும், தட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், பில்லை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். டிபன் சூடாகவும் மலிவாகவும் கிடைத்தது, கூட்டமும் குவிந்தது. உணவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போனது நாற்காலி மட்டும்தான். நிலத்தின் விலை ஏற ஏற, ஓட்டல்காரர் முதலில் வெட்டுவது சட்னியை அல்ல, உட்காரும் நேரத்தை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? நின்று சாப்பிடுகிறவன் பத்து நிமிடத்தில் இடத்தைக் காலி செய்துவிடுவான். ஒரு காபியோடு மூலை மேசையைப் பிடித்துக்கொண்ட கவிஞர் செய்ய மாட்டார். கணக்குத் தெரிந்த முதலாளி யாரை விரும்புவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வாடகை கொடுப்பது கவிஞர் இல்லையே.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. இடம்கூடக் காரணம் இல்லை, இழந்தது இளமையையும் நண்பர்களையும்தான், ஓட்டல் வெறும் சாக்கு என்பார்கள். கொல்கத்தா காலேஜ் தெருக் காபி ஹவுஸ் இந்தக் கட்சிக்கு வலுச் சேர்ப்பதுபோலத் தோன்றும். 1983இல் மன்னா டே பாடிய புகழ்பெற்ற வங்காளப் பாட்டு, அந்தக் காபி ஹவுஸில் கூடிய நண்பர்களின் அரட்டை இனி இல்லை என்று புலம்புகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டு வந்தபோதும் காபி ஹவுஸ் திறந்திருந்தது, இன்றும் திறந்திருக்கிறது. கடை மூடாமலே கடைக்கு ஒப்பாரி! ஆகவே ஏக்கம் முழுக்க மனிதர்களைப் பற்றியது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதே. அந்தக் காபி ஹவுஸையும் மூட 1958இல் முடிவாயிற்று. பக்கத்துக் கல்லூரிகளின் பேராசிரியர்கள் மனுக் கொடுத்துத் திரும்பத் திறக்கவைத்தார்கள். அதே காலத்தில் காபி வாரியம் நாடெங்கும் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். கேரளத்தில் அந்தச் சங்கங்கள் இன்றும் கடை நடத்துகின்றன. தங்கள் இளமையை மீட்டுக் கொடு என்று யாரும் மனுப் போட மாட்டார்கள். மேசையைத் திறந்து வை என்று கேட்டார்கள், அது நடக்கக்கூடிய காரியமாகவும் இருந்தது. நண்பர்கள் கலைந்துபோவது யாராலும் தடுக்க முடியாதது. ஆனால் அடுத்த தலைமுறை நண்பர்கள் கூட ஒரு மேசை மிஞ்சுகிறதா இல்லையா என்பதைச் சொந்தக்காரர், நிலம், குத்தகை, சட்டம் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன. நீ எழுத வேண்டியது இந்த இரண்டாவது பகுதியைத்தான்.

இத்தனை தூரம் சொன்னபின், உட்காரும் இடம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்காமல் விட்டால் என் வாதமே நேர்மையற்றதாகிவிடும். நாம் பெருமூச்சு விடும் அந்தப் பழைய ஓட்டல்கள் பலவற்றின் பெயர்ப் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. உள்ளே பிராமணர்க்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் பலருக்கு வாசலே எல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த இந்தப் பிரிவினை 1941இல்தான் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த அந்தச் சொல்லை அகற்றச் சொல்லி 1957இல் பெரியாரின் திராவிடர் கழகம் பல மாதங்கள் மறியல் நடத்தியது. தொண்டர்கள் வரிசை வரிசையாகக் கைதானார்கள். கடைசியில் சொல் போயிற்று. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைத் தேடிப் படி. காபி குடிப்பதில் எத்தனை சாதிச் சண்டையும் அந்தஸ்துப் பார்வையும் அடங்கியிருந்தன என்பது புரியும். மேசை துடைத்த பையனையும் மறந்துவிடாதே. ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மலிவான காபியின் விலையில் ஒரு பகுதியை, பள்ளிக்குப் போகாத பையன்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் என் வாதத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறாயா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாம்பாரின் ருசிக்காக யாரும் பல மாதங்கள் மறியல் செய்ய மாட்டார்கள். பொது மேசையில் சமமாக உட்கார்வது பெரிய விஷயம் என்பதால்தான் சிலர் அதை மறுத்தார்கள், மற்றவர்கள் அதற்காகச் சிறைக்குப் போனார்கள்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த நிலத்தைப் பற்றியும் இதே நேர்மை வேண்டும். அது அரசு நிலம். நீண்ட வழக்குக்குப் பிறகு அரசு அதை மீட்டது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஊரின் நடுவே, அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில், அவ்வளவு பெரிய பொது நிலத்தைத் தனியார் ஓட்டல் ஒன்று எத்தனை காலம் அனுபவிக்கலாம் என்று கேட்டால், சட்டத்தின் பக்கம்தான் நான் நிற்பேன். டிக்கெட் வாங்கினால் யாரும் நுழையலாம் என்ற வகையில் பூங்கா ஒருபடி பொதுவானதும்கூட. ஆனால் பூங்கா ஓட்டலின் வேலையைச் செய்யாது. மழை வந்தால் எழுந்து ஓட வேண்டும், மூடும் நேரத்துக்கு விசில் ஊதுவார்கள், வியாபாரம் பேச அங்கே மேசை கிடையாது. டிரைவ்-இன்னில் உட்கார்ந்தவர்கள் அனுபவித்த மலிவு ஓட்டல்காரரின் தாராள குணத்தால் மட்டும் வந்ததில்லை, சந்தை விலை எட்டாத நிலத்தாலும் வந்தது. அந்தச் சலுகையை நிறுத்துவது சரி என்றே வைத்துக்கொள். அதற்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதும் சரிதான். தனியார் நிலத்தில் இருந்தவற்றின் கதை இதைவிட வேகமாக முடிந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஐஸ்கிரீமுக்குப் பேர்போன தாசப்பிரகாஷ் நின்ற கட்டிடம் இன்று இல்லை. அந்த மாதிரி இடத்தில் எத்தனை மசால் தோசை விற்றாலும் மனையின் மதிப்பை எட்டிப் பிடிக்க முடியாது.

ஆகவே உன் கேள்விகளை மாற்றி எழுது. ருசியைக் கேட்காதே என்று சொல்லவில்லை. பேச்சைத் தொடங்க அது உதவும், பெரியவர்களுக்கும் உற்சாகம் வரும். அதற்குப் பிறகு, ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்காரவிட்டார்கள், யார் யார் வழக்கமாக வந்தார்கள், வராதவர்கள் யார், பெண்கள் தனியாக வந்து உட்கார்ந்தார்களா அல்லது ‘குடும்ப அறை’யின் திரைக்குப் பின்னால்தானா என்று கேள். அன்று காபி என்ன விலை, அதே நாளில் ஒரு குமாஸ்தாவின் சம்பளம் என்ன என்று இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள். விலையை மட்டும் குறித்தால் ‘அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு’ என்ற பல்லவிதான் மிஞ்சும். கட்டிடம் சொந்தமா, வாடகையா, கோயில் நிலமா, யாருடைய பாகப்பிரிவினையில் கடை மூடியது என்பதை முதலாளியின் வீட்டாரிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் தனித்தனியாகக் கேள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாது. அங்கேதான் உன் கட்டுரைக்குச் சுவாரசியம் கிடைக்கும். பழைய பத்திரிகை விளம்பரங்களில் திறப்பு நாளும் முகவரியும் அகப்படும். சாப்பிட்டவர்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதே. கல்லாவில் இருந்தவர், சர்வர், சரக்கு மாஸ்டர் என்று உள்ளே நின்றவர்களையும் தேடிப் பிடி. கடை மூடியபின் அவர்களில் பலர் வேறு ஊர்களில் வேறு அடுப்புகளின் முன்னால் நிற்பார்கள். நாம் மறைந்துபோனதாகச் சொல்லும் அந்தச் சாம்பாரின் பக்குவத்தை, கேட்டால், அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே உனக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். அதையும் மலரில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்