திராட்சைப் பனிச் சர்பத்: ஐஸும் ஒரு சரக்கே



சித்திரை பிறந்துவிட்டால் நமது கம்பம் பள்ளத்தாக்கில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில், இவற்றுக்கிடையே கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வரிசையாக வரும். முன்பெல்லாம் விசேஷ வீட்டார் மளிகைக் கடைக்குக் கொண்டுவரும் பட்டியலில் எலுமிச்சம்பழம், வெல்லம், ஏலம், நன்னாரி சர்பத் ஆகியவை இடம்பெற்றிருக்கும். இப்போது அந்த இடத்தில் பாட்டில் பானங்கள் இத்தனை பெட்டி என்று எழுதியிருக்கிறது. ஒரு பெட்டியில் கடைக்காரருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை நமது உறுப்பினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பழத்தைக் கொண்டே, விசேஷங்களுக்கு ஆர்டர் பிடித்து, பனிக்கூழ் பதத்தில் திராட்சைச் சர்பத் செய்து கொடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். செய்முறை கடினமானதல்ல. ஆனால் பலரும் இதில் இறங்கி நட்டப்படுவதும் பெயரைக் கெடுத்துக்கொள்வதும் பழத்தினால் அல்ல, ஐஸினால்தான். ஆகவே பழத்தைப் பற்றிச் சுருக்கமாகவும், ஐஸைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறோம்.

பழம்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அனைவரும் அறிவோம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது இந்த ரகத்தின் பெயர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் எங்காவது ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டே இருப்பது இதன் சிறப்பு. கொட்டை உண்டு, தோல் மெல்லியது, நாள்பட வைத்திருக்க முடியாது. மகாராஷ்டிரத்திலிருந்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக வந்து இறங்கும் மாதங்களில் நம் பழத்தைச் சீந்துவார் குறைந்துவிடுவதும் உண்டு. ஆனால் சாறுக்கு என்று வரும்போது நிறமும் மணமும் நம் பழத்துக்கே. இதற்குப் போய் எசென்ஸும் கலரும் சேர்ப்பவர்களை என்னவென்று சொல்வது!

கொள்முதலில் ஒன்றைக் கவனியுங்கள். குலையிலிருந்து அன்றைக்கு உதிர்ந்த பழம் சாறுக்குத் தாராளமாக ஆகும், விலையும் மலிவு. ஆனால் வெடித்து ஈரம் கசிந்தது, புளித்த வாடை அடிப்பது ஒரு கைப்பிடி இருந்தாலும் மொத்தச் சாறும் கெடும். பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பூத்தாற்போன்ற மெல்லிய பூச்சு இயற்கையானது. மருந்து என்று வாடிக்கையாளர் கேட்டால் விளக்கிச் சொல்லலாம். திட்டுத்திட்டாக நீலமும் வெள்ளையுமாக இருந்தால் அது தெளித்த மருந்தாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகே காம்பு நீக்க வேண்டும்.

பழத்தை மிக்ஸியில் அடிக்கக் கூடாது. கொட்டை உடைந்தால் துவர்ப்பு ஏறிவிடும். சுத்தமான கையாலோ மத்தாலோ மசித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் தோலில் இருக்கும் நிறம் முழுவதும் சாற்றில் இறங்கிவிடும். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் இதற்கு உதவா. புளிப்பு பட்டு நிறமும் சுவையும் மாறும். பிறகு துணியில் வடிகட்டி உடனே ஆற வைக்க வேண்டும். பத்துக் கிலோ பழத்தில் ஆறு லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம்.

கலவைக் கணக்கு

நூறு பேருக்கு, தலைக்கு 150 மில்லி வீதம் 15 லிட்டர் வேண்டும். மேற்சொன்ன ஆறு லிட்டர் சாற்றுடன், கொதித்து ஆறிய தண்ணீர் எட்டு லிட்டர், சர்க்கரை 1,300 கிராம், எட்டு எலுமிச்சம்பழத்தின் சாறு, உப்பு இரண்டு தேக்கரண்டி சேர்த்தால் 15 லிட்டர் அளவுக்கு வந்துவிடும். பழத்தின் இனிப்பு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

இங்கே சர்க்கரைக்கு இனிப்பு மட்டும் வேலையல்ல. வெறும் தண்ணீர் உறைந்தால் கல்லாகிவிடுகிறது. சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படி ஒரேயடியாக உறையாமல், ஐஸ் துகள்களுக்கிடையே பாகு நின்று, மணல்போல் பொலபொலவென்று இருக்கும். அந்தப் பதம் வருவதற்கு மொத்தக் கலவையில் நூற்றுக்கு 13 முதல் 15 பங்கு சர்க்கரை இருக்க வேண்டும். பழத்தில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில் அடக்கம். இதைவிடக் குறைந்தால் கட்டி தட்டும். அதிகமானால் கூழ் பதம் நிற்காது. திராட்சை வாங்க வரும் வியாபாரிகள் ஒரு சொட்டுச் சாறு விட்டு இனிப்பு பார்க்கும் கருவியை வைத்திருப்பார்கள். இந்தத் தொழிலில் இறங்குபவர் அப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகத்துக்கு வேலையில்லை. கருவி இல்லாதவர்கள் சுவைத்துப் பார்க்கும்போது சற்றுத் தூக்கலாக இருக்கும்படி வைக்க வேண்டும். குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும்.

ஐஸ்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான விசேஷங்களில் நடப்பது என்ன? சாதாரணச் சூட்டில் இருக்கும் சர்பத்தை அண்டாவில் ஊற்றி, ஐஸ் பாளத்தை உடைத்து உள்ளே போட்டுவிடுகிறார்கள். அதன் விளைவை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 80 கிலோ கலோரி சூட்டை உறிஞ்சுகிறது. 30 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் சர்பத்தை உறைநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 450 கிலோ கலோரி சூட்டை எடுத்தாக வேண்டும். அப்படியானால் ஐந்தரை கிலோவுக்கு மேல் ஐஸ் கரைந்து தண்ணீராகிறது. 15 லிட்டர் 20 லிட்டருக்கு மேல் ஆகிவிட்டது. நூற்றுக்கு 14 பங்கு இருந்த சர்க்கரை பத்துச் சொச்சமாக இறங்கிவிட்டது. இதற்குப் பிறகும் அது குளிர்ந்த தண்ணீர்தானே தவிர, பனிக்கூழ் இல்லை. அந்தப் பதம் வேண்டுமானால் இன்னும் ஐஸ் கொட்ட வேண்டும். ருசி போய்விட்டதே என்று மறுபடி சர்க்கரை, அதன் பிறகு எசென்ஸ். விலை கொடுத்து வாங்கிய பழத்தின் மணத்தை விலை கொடுத்து வாங்கிய ஐஸே அழித்துவிடுகிறது.

அதே சர்பத்தை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தால், அதை உறைநிலைக்கு இறக்க ஒரு கிலோ ஐஸ்கூடத் தேவைப்படாது. செலவு ஆறில் ஒரு பங்கு.

இதைவிடச் சிறந்த வழி, தண்ணீர் ஐஸையே உள்ளே போடாமல் இருப்பது. கலவையை இரு சமபாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை அகலமான, உயரம் குறைந்த எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஊற்றி, கடையில் ஐஸ்கிரீம் வைத்திருக்கும் டீப் ஃபிரீசரில் இரவு முழுவதும் உறைய விடுங்கள். ஆழமாக ஊற்றினால் நடுவில் உறையாது. மற்றொரு பாகத்தை ஃபிரிட்ஜில் குளிர மட்டும் வையுங்கள். பரிமாறும் இடத்தில் உறைந்ததைச் சுத்தமான உலக்கையால் உடைத்து, குளிர்ந்த பாகத்தை ஊற்றிக் கிளறினால் பனிக்கூழ் தயார். சர்பத்தே ஐஸாகவும் இருப்பதால் எவ்வளவு கரைந்தாலும் ருசி நீர்த்துப் போகாது. விசேஷ வீடு தொலைவு என்றால் மூன்றில் இரண்டு பாகத்தை உறைய வைப்பது நல்லது. வழியில் கொஞ்சம் கரைந்துவிடும்.

எடுத்துச் செல்லும் கேனைச் சுற்றி ஐஸும் உப்பும் போடுவது பழைய முறை. ஐஸ் மூன்று பங்கு, கல் உப்பு ஒரு பங்கு கலந்தால் குளிர் உறைநிலைக்கு வெகுகீழே, ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். குல்பிக்காரர் பானையில் செய்வதும் இதுதான். கேனின் வாய் இறுக மூடியிருக்க வேண்டும். கடையில் ஈரம் பாய்ந்து கட்டிப்போன கல் உப்பு மூட்டை இருந்தால் இப்படிக் காசாக்கலாம்.

எந்த ஐஸ் எதற்கு?

மீன் லாரிக்கும் பால் கேனுக்கும் வெளியே போடத் தயாரிக்கும் ஐஸ் வேறு, வாயில் போடும் ஐஸ் வேறு. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, உண்ணத் தகாத ஐஸில் அனுமதிக்கப்பட்ட நீல நிறத்தைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதி செய்தது. நீல ஐஸ் கேனுக்கு வெளியே மட்டும். நிறமில்லாததெல்லாம் நல்ல ஐஸ் என்றும் நினைத்துவிடக் கூடாது. எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது, உமியும் சாக்கும் சுற்றி எந்தத் தரையில் இறக்கியது என்பதை நாம் அறிய மாட்டோம். உண்ணும் ஐஸ் என்று பில் போட்டுத் தரும், உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே வாங்க வேண்டும்.

உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. டைபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் ஐஸுக்குள் உயிரோடு கிடந்து, கரைந்ததும் வேலையைக் காட்டும். கல்யாண வீட்டில் குடிப்பவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். நோய் தெரியவரப் பல நாட்கள், ஏன் சில வாரங்கள்கூட ஆகும். ஆனால் எந்தக் கடைச் சர்பத் என்ற பேச்சு மட்டும் தப்பாமல் நம் வாசலுக்கு வந்து சேரும். கலவைக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் என்று மேலே எழுதியதன் காரணம் இதுவே. புகை வருகிறது என்பதற்காக உலர்பனியையோ திரவ நைட்ரஜனையோ டம்ளரில் போட்டுக் கொடுக்கும் புதிய வேடிக்கை நமக்கு வேண்டாம். வாயையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும்.

ஒரு காலத்தில் ஐஸ் கடல் கடந்து வந்த சரக்காகவே இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதி ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் மரத்தூள் அடைத்து 1833-ல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். சென்னையில் அதற்காக 1842-ல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ்; இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. வழியில் கரைந்தது போக மிஞ்சியதை எடை போட்டு விற்று லாபம் பார்த்தவர்கள் சேதாரக் கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடக்க விலை

ஒரு கணக்குக்காகப் பழம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோவுக்கு 600, சர்க்கரை 60, எலுமிச்சை முதலியன 40, கேஸ் 60, கரண்ட் 40, டம்ளர் வாடகையும் கழுவுகூலியும் 100, ஆள் கூலி 300 என்றால் மொத்தம் 1,200 ரூபாய். டம்ளருக்கு 12 ரூபாய் அடக்கம். வண்டி வாடகையும் லாபமும் இதன் மேல். பத்துக் கிலோ பழத்துக்கு நூறு டம்ளர் என்பதால் மனக்கணக்கு சுலபம்: பழம் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் டம்ளருக்கு ஒரு ரூபாய் ஏறும். ஒரு மாதம் முன்னதாக ஆர்டர் பிடிப்பவர் இதை மனத்தில் வைத்தே விலை பேச வேண்டும். கரண்டையும் ஆள் கூலியையும் கணக்கில் சேர்க்காமல் பத்து ரூபாய்க்குத் தருகிறேன் என்று போட்டி போடுபவர் அடுத்த சித்திரைக்கு இந்தத் தொழிலில் இருக்க மாட்டார்.

பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை ஆகியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. ஆகவே எவர்சில்வர் டம்ளர்தான். பனிக்கூழுக்கு ஒரு சிறிய ஸ்பூனும் வேண்டும்.

மளிகைக்கென்று வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவில் பானம் தயாரிப்பு அடங்காமல் இருக்கலாம். சங்க அலுவலகத்தில் விசாரித்துச் சேர்த்துக்கொள்வது நல்லது. பாட்டிலில் அடைத்து ஸ்குவாஷாக விற்க விரும்புவோருக்கு லேபிள், உரிமம் என்று விதிகள் அதிகம். சாறு நூற்றுக்கு 25 பங்குக்கும், கரைந்த சர்க்கரைச் சத்து 40 பங்குக்கும் குறையக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அந்தப் பாட்டிலின் அடியில் சில நாளில் சிறு சிறு படிகம் தங்கும். அது திராட்சையின் இயல்பான புளிப்பு உப்பு. கண்ணாடித் தூள் என்று வாடிக்கையாளர் பயந்து திருப்பிக் கொண்டுவருவார். சாற்றை முதலில் இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் தெளிய வைத்து, மேலாக வடித்து எடுத்த பிறகு அடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

விசேஷத்தில் மிஞ்சியதைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்து மறுபடி உறைய வைக்கக் கூடாது. பலர் கை பட்ட அகப்பை அதில் இறங்கியிருக்கும். பந்தியில் வேலை செய்தவர்களுக்கும் சமையல் ஆட்களுக்கும் அங்கேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேனைச் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.