சொல்லைக் கண்டுபிடிக்கும் பகா எண்கள்

ஆங்கில நாளிதழ்களில் ஒரு புதிரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொல்லின் எழுத்துக்களை இடம் மாற்றிக் கொடுத்து, அந்தச் சொல் எது என்று கேட்பார்கள். சிலர் பார்த்த உடனே விடை சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அகராதி ஒன்று கையில் இருந்தால், கீழ் வகுப்பில் படித்த பகாக் காரணிக் கணக்கைக் கொண்டே இப்புதிரை விடுவிக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் சொற்களை ஆங்கில எழுத்துக்களில் எழுதிக்கொண்டே படியுங்கள். ‘டி’ என்று வருவதெல்லாம் ‘டேபிள்’ என்ற சொல்லின் முதல் எழுத்து.

என், எஸ், இ, டி, எல், ஐ என்னும் ஆறு எழுத்துக்கள் தரப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். இவற்றை 6×5×4×3×2×1 = 720 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றையும் எழுதிப் பார்க்க 10 விநாடி ஆனால், மொத்தம் 2 மணி நேரம். எழுத்துக்கள் ஏழானால் 5040 வரிசைகள். 14 மணி நேரம்! இந்த வழி நமக்கு உதவாது.

வேலையைத் தலைகீழாகச் செய்வோம். தரப்பட்ட எழுத்துக்களைக் கலைப்பதை விட்டு, அவற்றை அகர வரிசையில் அடுக்குவோம்: இ, ஐ, எல், என், எஸ், டி. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் இதே போல அடுக்கி, ஒரு நோட்டில் குறித்து வைப்போம். இப்போது லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஆகிய ஐந்து சொற்களும் ஒரே அடுக்கின் கீழ் வந்து நிற்கும். அடுக்கு ஒன்றானால் எழுத்துக்களும் ஒன்றே.

இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியை நீங்கள் அறிவீர்கள். அவர் 1676-ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பு ஒன்றை இலத்தீன் மொழியில் அமைத்து, அதன் 14 எழுத்துக்களையும் இப்படியே அகர வரிசையில் அடுக்கி வெளியிட்டார். கண்டுபிடித்தவர் தாமே என்பதற்கு அது சான்றாக இருக்கும். பிறருக்கோ பொருள் விளங்காது. 1678-இல் அவரே விடையைச் சொன்னார். ‘நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவே’ என்பது அதன் பொருள். இயற்பியலில் நாம் படிக்கும் ஹூக் விதி இதுதான்!

இனிச் சற்றுக் கடினமான கேள்வி. ஏ, இ, டி ஆகிய மூன்றும் உள்ள சொற்கள் எவை? வேறு எழுத்துக்கள் கூடவே இருக்கலாம். இப்போது அடுக்கு முறை தடுமாறும். இடையிடையே மற்ற எழுத்துக்கள் புகுந்துவிடுமல்லவா? இங்கேதான் பகா எண்கள் துணைக்கு வருகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பகா எண்ணைக் கொடுப்போம்:

இ = 2, டி = 3, ஏ = 5, ஓ = 7, ஐ = 11, என் = 13, எஸ் = 17.

இப்படியே தொடர்ந்தால் 26-ஆவது எழுத்துக்கு 101 கிடைக்கும். ஆங்கிலத்தில் மிகுதியாக வருவது ‘இ’. அதனால்தான் அதற்கு மிகச் சிறிய பகா எண்ணான 2-ஐத் தந்தோம். அடிக்கடி வரும் எழுத்துக்களுக்குச் சிறிய எண்களைத் தந்தால் பெருக்கற்பலனும் பெரும்பாலும் சிறியதாக இருக்கும்.

தேநீரைக் குறிக்கும் ‘டீ’ என்ற சொல்லின் மதிப்பு 3×2×5 = 30. உண்பதைக் குறிக்கும் ‘ஈட்’ என்பதும் 30 தான். பெருக்கலில் வரிசை மாறினாலும் பலன் மாறாது. இருக்கையைக் குறிக்கும் ‘சீட்’ 17×2×5×3 = 510. இதை 30 ஆல் வகுத்தால் மீதியின்றி 17 வருகிறது. ஆகவே மூன்று எழுத்துக்களும் அதில் உள்ளன; எஞ்சியது ‘எஸ்’ என்பதையும் ஈவு சொல்லிவிட்டது! பறவைக் கூட்டைக் குறிக்கும் ‘நெஸ்ட்’ 1326. இதை 30 ஆல் வகுத்தால் மீதி 6 வருகிறது. எனவே இச்சொல் நமக்கு வேண்டாம்.

ஓர் எழுத்து இரண்டு முறை வேண்டுமானால்? இரண்டு ‘இ’ உள்ள சொல் 2×2 = 4 ஆல் வகுபட வேண்டும். பார்ப்பதைக் குறிக்கும் ‘சீ’ 17×2×2 = 68; வகுபடுகிறது. ‘செட்’ 17×2×3 = 102; வகுபடவில்லை.

பகா எண்கள் எதற்கு, 1, 2, 3, 4 என்றே வரிசையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அப்படிக் கொடுத்தால் 2 பெற்ற எழுத்தும் 3 பெற்ற எழுத்தும் சேர்ந்து 6 ஆகும்; 6 பெற்ற எழுத்து தனியே நின்றாலும் 6 தான். எது எது என்று எப்படி அறிவது? ஒன்றை விடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகாக் காரணிகளாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். இதற்கு எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர். ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1801-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக நிறுவினார். அந்த உறுதி இருப்பதால்தான் நம் முறை ஒருபோதும் ஏமாற்றுவதில்லை.

எண்களுக்குச் சொற்களின் பொருள் தெரியாது. அகராதியை நாம்தான் தரவேண்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முறை பெருக்கி எழுதி வைத்துவிட்டால் போதும். பிறகு எந்த எழுத்துக்களைக் கேட்டாலும் வகுத்தல் ஒன்றே வேலை. சலிக்காமல் வகுக்கக்கூடிய கணிப்பொறிக்கு இது ஏற்ற வேலை அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்:

1. 510 என்ற மதிப்புடைய வேறு ஒரு சொல்லைக் கூறுக.

2. கல்லைக் குறிக்கும் ‘ஸ்டோன்’ என்ற சொல்லின் மதிப்பு என்ன? அதே மதிப்புடைய வேறு இரு சொற்கள் எவை?

3. நாட்டைக் குறிக்கும் ‘நேஷன்’ என்ற சொல்லின் மதிப்பைக் காண்க. என், ஓ, டி மூன்றும் அதில் உள்ளனவா என்பதை வகுத்துக் காட்டுக. ஈவு எதைத் தெரிவிக்கிறது?

விடைகள்: 1. கிழக்கைக் குறிக்கும் ‘ஈஸ்ட்’. 2. 9282; நோட்ஸ், டோன்ஸ். 3. 195195; 13×7×3 = 273 ஆல் வகுத்தால் மீதியின்றி 715 வருகிறது. 715 = 5×11×13. எனவே எஞ்சியவை ஏ, ஐ, இன்னும் ஓர் என்.