உங்கள் ரூட்டரில் யார் இருக்கிறார்கள்?

கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறதா எனச் சோதிக்கும் பலர், இணையத்தை வீட்டிற்குள் கொண்டு வரும் ரூட்டரைக் கவனிப்பதே இல்லை. 2008 ஜூலை 26 அன்று நடந்த ஆமதாபாத் குண்டு வெடிப்புகளுக்குச் சற்று முன் மிரட்டல் மெயில் ஒன்று வந்தது. அதன் ஐ.பி. முகவரி, நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டைக் காட்டியது. அவரது வை-பி இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். விசாரணைக்கு ஆளானவரோ அவர்! 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்கள் மால்வேர் தாக்குதலுக்கு உள்ளாயின. அப்போது, தொடக்கத்தில் தரப்படும் பாஸ்வேர்டை மாற்றும்படி வாடிக்கையாளர்களை அந்நிறுவனம் கேட்டுக் கொண்டது.

குறிஞ்சிப்பாடியில் ஓய்வூதியம் பெறும் என் உறவினர் வீட்டில், கம்ப்யூட்டர், போன் என எல்லாவற்றிலும் தேவையற்ற விளம்பரத் தளங்கள் திறந்தன. வங்கித் தளத்திற்குச் சென்றால், சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தது. ஆண்டி வைரஸ் எதையும் காட்டவில்லை. போனில் வை-பியை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் அதே தளங்களைத் திறக்கச் சொன்னேன். தொல்லை இல்லை. எனவே சந்தேகம் ரூட்டர் மீது திரும்பியது. நீங்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்திடுங்கள்.

அடுத்து, விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, சி.எம்.டி. என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் ஐ.பி.கான்பிக் என டைப் செய்தால், டீபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே 192.168.1.1 போன்ற எண் தெரியும். இதனை பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் அமைத்தால் ரூட்டரின் பக்கம் திறக்கும். அங்கு மூன்று இடங்களைப் பார்க்கவும்.

1. இணைந்துள்ள சாதனங்கள்: தெரியாத பெயர் இருந்தால் உடனே பதற வேண்டாம். இன்றைய போன்கள் தங்கள் மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் சாதனம் தவிர எல்லாம் நின்ற பிறகும் பட்டியலைப் புதுப்பித்தால் வேறொன்று இணைந்தே இருக்கிறது எனில், அது வெளியாளாக இருக்கலாம்.

2. டி.என்.எஸ். முகவரி: உறவினர் வீட்டில் கோளாறு இங்குதான் இருந்தது. தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வரின் முகவரியை யாரோ மாற்றியிருந்தனர். இதனால் சரியான பெயரை டைப் செய்தாலும் போலித் தளம் கிடைக்கும். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தொடராதீர்கள்.

3. ரிமோட் மேனேஜ்மென்ட், போர்ட் பார்வர்டிங்: நீங்கள் அமைக்காத எதுவும் இங்கு இருக்கக் கூடாது.

லாக் பக்கத்தில் போர்ட் ஸ்கேன் என வரிசையாக இருந்தால் அஞ்ச வேண்டாம். இணையத்தில் உள்ள எல்லா ரூட்டர்களின் கதவும் இப்படித் தட்டப்படுகிறது. நீங்கள் நுழையாத நேரத்தில் யாரோ லாக் இன் செய்ததாகப் பதிவு இருந்தால்தான் ஆபத்து.

சரி செய்வது எப்படி? முதலில் இணைப்பிற்கான யூசர் நேம், பாஸ்வேர்ட் மற்றும் பைபர் இணைப்பு எனில் வி-லேன் எண்ணையும் குறித்துக் கொள்ளவும். இல்லையேல் ரீசெட் செய்தபின் இணையம் கிடைக்காமல் போகலாம். இணைய கேபிளைக் கழற்றி, ரீசெட் துளையில் ஊசியால் சுமார் 10 விநாடிகள் அழுத்தவும். பழைய பேக்அப் பைலை மீண்டும் ஏற்ற வேண்டாம். கேபிளை இணைக்கும் முன் அட்மின் பாஸ்வேர்டையும் வை-பி பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 பாதுகாப்பினைத் தேர்ந்தெடுத்து, டபிள்யூ.பி.எஸ்., ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டையும் நிறுத்துங்கள். பின் பர்ம்வேரை அப்டேட் செய்திடவும்.

ரூட்டரை ஆப் செய்து ஆன் செய்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். 2016ல் பரவிய மிராய் போன்றவை மெமரியில் மட்டுமே தங்குவதால் அழிந்துவிடும். ஆனால் பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருந்தால், விரைவிலேயே மீண்டும் நுழைந்துவிடும். இறுதியாக, வங்கி மற்றும் மெயில் பாஸ்வேர்ட்களையும் மாற்றிவிடுங்கள். சந்தேகமான பண பரிமாற்றம் தெரிந்தால், தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிற்கும் தெரிவியுங்கள்.