சுடரும் கனியும்

இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றன்று, முற்றும் வேறுமன்று. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் நாகசேனர் கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கு உணர்த்தும் பௌத்தக் கருத்து இது.

கணந்தோறும் புதிய எண்ணெய் ஆவியாகி எரிவதே சுடர் என்கிறது அறிவியல். நம் குருதியின் சிவப்பணுக்களும் ஏறத்தாழ 120 நாள்களில் அழிய, புதியன தோன்றுகின்றன.

எனினும், நட்ட விதை வேறு, பறித்த கனி வேறு என வாதிடும் மாங்கனித் திருடனும் குற்றவாளியே என்கிறது அந்நூல்.

ஆன்மாவைப் பற்றி நாம் பௌத்தரோடு வேறுபடினும், இவ்விரு உவமைகளும் நம் இல்லங்களுக்குப் பொருந்தும். அன்று நம்மைப் புண்படுத்திய உடன்பிறந்தார் இன்று மாறியிருக்கலாம், பொறுத்தருள்வோம். நாம் செய்த பிழையோ நம்முடையதே. மன்னிப்பை இன்றே வேண்டுவோம்.