இன்ஜினீயரிங் பெண்ணுக்கு எதற்கு அகஸ்டின்?

என் மகள் அமெரிக்காவில், வில்லனோவா பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் சேர்கிறாள். முதல் வருடம் புனித அகஸ்டின் பெயரில் ஒரு வகுப்பு கட்டாயமாம். நாங்கள் இந்துக்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் மனைவிக்குப் பயம்.
– ஒரு தந்தை, திருச்சி

பயம் உங்கள் மனைவிக்கு மட்டும்தானா ஐயா? இரண்டு பேருமே நிம்மதியாகத் தூங்கலாம். அது ஞானோபதேச வகுப்பு அல்ல, சிறு குழுவாக உட்கார்ந்து புத்தகம் பேசும் வகுப்பு. எந்தத் துறையில் சேர்ந்தாலும் இரண்டு செமஸ்டர் உண்டு. 1842-இல் அகஸ்டின் சபைத் துறவிகள் தொடங்கிய நிறுவனம் என்பதால் அவருடைய ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலுக்கு முதல் மரியாதை. சிறுவயதில் பேரிக்காய் திருடியதற்காகப் பக்கம் பக்கமாக வருந்தும் மனிதர் அவர். பதினெட்டு வயதுக்காரர்களுக்குப் பிடித்துப்போகும்.

உண்மையான சிக்கல் வேறு. நம் பிள்ளைகள் வாய் திறக்காமல் நோட்ஸ் எடுத்தே பழகியவர்கள். அங்கே பேச வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். அகஸ்டினை மறுத்தும் பேசலாம், எந்தப் பக்கத்தை வைத்து மறுக்கிறாள் என்று காட்டினால் போதும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு கேள்விகளைப் புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஒன்றைக் கேட்டுவிட்டால் கூச்சம் போய்விடும்.