சுற்றி நிற்போர்

நுழையும்முன்

பள்ளி வளாகத்தில் நிகழும் கொடுமைகளுள் பல, உடலில் காயத்தை விட்டுச்செல்வதில்லை. ஒரு பட்டப்பெயர், ஒளித்துவைக்கப்பட்ட ஒரு செருப்பு, 'இங்கே உட்காராதே' என்னும் ஒரு பார்வை ஆகியன எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் மிகுதியாகக் காணப்படும் இக்கொடுமையை ஆய்வுலகம் எவ்வாறு அறிந்துகொண்டது, அதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1982ஆம் ஆண்டின் இறுதியில், நார்வே நாட்டின் வடபகுதியில் 10 முதல் 14 வயது வரையிலான சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன்பயின்றோர் இழைத்த தொடர்கொடுமையே அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று நாளேடுகள் எழுதின. மறு ஆண்டே அந்நாட்டின் கல்வி அமைச்சகம் நாடு தழுவிய தடுப்பு இயக்கமொன்றைத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பிருந்தே இச்சிக்கலை ஆராய்ந்துவந்தவர் டான் ஒல்வேயஸ் என்னும் உளவியல் அறிஞர்.

ஆங்கிலத்தில் 'புல்லியிங்' எனப்படும் இதற்குத் தமிழில் ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. மலேசியத் தமிழர் 'பகடிவதை' என்கின்றனர். தமிழ்நாட்டில் அச்சொல் பெரும்பாலும் கல்லூரி ராகிங்கையே குறிக்கிறது. எனினும், பகடியில் தொடங்கி வதையில் முடிவது என்ற பொருளை இது செவ்வையாகத் தருவதால் இங்கும் அச்சொல்லையே ஆள்வோம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதற்கு வழங்கிய சொல்லுக்குச் சுவையான வரலாறு உண்டு. பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்துகொண்டு கொத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். விலங்குகளின் இத்தகைய கூட்டுத் தாக்குதலைக் குறித்த சொல்லையே ஹைனமன் என்னும் மருத்துவர் 1969இல் ஸ்வீடனில் பள்ளிச் சிறுவரின் செயலுக்குப் பொருத்தினார். ஒல்வேயஸ் இதனை ஏற்கவில்லை. 'கூட்டம்' என்று சொன்னால் தனியொருவரின் பொறுப்பு மறைந்துபோகும். தாக்கப்படும் சிறுவனே ஏதோ ஒருவகையில் கூட்டத்தைச் சினமூட்டியவன் என்ற எண்ணமும் தோன்றிவிடும் என்று அவர் வாதிட்டார். உண்மையில், பெரும்பாலான நிகழ்வுகளில் ஒருவரோ இருவர் மூவரோதாம் கொடுமை செய்தனர்.

பகடிவதையை அடையாளம் காண அவர் மூன்று இயல்புகளைக் கூறினார். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. மீண்டும் மீண்டும் நிகழ்வது. இருவருக்கிடையே வலிமை சமமற்றிருப்பது. முதல் இரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவதுதான் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வலிமை என்பது தோள்வலிமை மட்டுமன்று. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவன், திக்கிப் பேசுபவன்முன் வலியவன். ஐந்து தோழியர் சூழ நிற்பவள், ஊர் மாறி வந்து தனியே அமர்ந்திருப்பவள்முன் வலியவள். நிறம், உடற்பருமன், தந்தையின் தொழில், சாதி ஆகிய ஒவ்வொன்றும் ஒருவர் கையில் கோலாகவும் மற்றவர் முதுகில் சுமையாகவும் மாறக்கூடும்.

'விளையாட்டுக்குத்தான் சொன்னேன்' என்பது நாம் அடிக்கடி கேட்கும் விடை. நட்பில் கேலி உண்டு. அதனை எவரும் குற்றமென்று சொல்லமாட்டார். ஆனால் நண்பர்கள் ஒருவர்க்கொருவர் பட்டப்பெயர் சூட்டிக்கொள்வர். பெயர் எப்போதும் ஒரு திசையிலேயே செல்லுமாயின், அதைப் பெற்றவன் திருப்பிச் சூட்டத் துணியமாட்டான் எனின், அவன் உடன்சேர்ந்து சிரித்தாலும் அது விளையாட்டன்று. அச்சிரிப்பு பெரும்பாலும் தற்காப்பே.

நடுநிலை வகுப்புகளில் இது மிகுவதேன்? ஊரிலிருந்த தொடக்கப்பள்ளியை விட்டு ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியொன்றுக்குச் செல்லும் குழந்தை, அறிமுகமற்ற நாற்பது பேர் நடுவில் தன் இடத்தைத் தேடுகிறது. உடல் மாறும் பருவமும் அதுவே. யார் முதல்வர், யார் கடையர் என்பது முடிவாகாத அந்நாள்களில் பிறரைத் தாழ்த்துவது தான் உயர்வதற்குக் குறுக்குவழியாகத் தோன்றுகிறது. கொடுமை செய்பவர் உள்ளூர அஞ்சியவர், தாழ்வுணர்வு மிக்கவர் என்பது பரவலான நம்பிக்கை. ஒல்வேயஸின் ஆய்வுகள் இதற்குச் சான்று காணவில்லை. அவர்களுள் பலர் தன்னம்பிக்கை குறையாதவர். சிலர் வகுப்பில் செல்வாக்குப் பெற்றவர். அச்செல்வாக்கு எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த வினா.

இவ்வினாவைப் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லி தம் குழுவினருடன் ஆராய்ந்தார். 12, 13 வயதுடைய 573 ஆறாம் வகுப்பு மாணவரிடம் செய்த அந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. கொடுமை செய்பவர், அதற்கு ஆளாகுபவர் என்ற இருவரோடு கதை முடிவதில்லை என்று அது காட்டியது. கையைப் பிடித்துக்கொடுத்து உதவுபவர், சிரித்து ஊக்குவிப்பவர், விலகிச் செல்பவர், துணைநின்று காப்பவர் எனச் சுற்றியுள்ளோருக்கும் பாத்திரங்கள் இருந்தன. ஒல்வேயஸ் வெளியே அனுப்பிய கூட்டம் இவ்வாறு வேறொரு வாயில் வழியே திரும்பிவந்தது. இம்முறை அது தாக்கும் கூட்டமாக வரவில்லை. பார்க்கும் கூட்டமாக வந்தது.

கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதனை நேரிற் கண்டனர். விளையாட்டுத்திடல்களில் ஒளிப்பதிவுக் கருவியும் மாணவர் உடையில் சிறு ஒலிவாங்கியும் வைத்துப் பதிவுசெய்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 88 நிகழ்வுகளில் பிற மாணவர்கள் உடனிருந்தனர். ஆனால் 19 நிகழ்வுகளில்தாம் எவரேனும் குறுக்கிட்டனர். குறுக்கிட்ட முயற்சிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, அதாவது நூற்றுக்கு 57, பத்து நொடிகளுக்குள் கொடுமையை நிறுத்திவிட்டன. பத்து நொடி என்பது ஒரு குவளை தண்ணீர் பருகும் நேரம்.

பள்ளிகள் என்ன செய்யலாம்? பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சார்ந்த ஏறத்தாழ 2500 மாணவரிடையே ஒல்வேயஸின் திட்டம் செயற்படுத்தப்பட்டது. பெயர் குறிப்பிடாத வினாப்படிவம், இடைவேளையில் ஆசிரியர் கண்காணிப்பு, மாணவரே கலந்துபேசி வகுத்த வகுப்பு விதிகள், பெற்றோருடன் உரையாடல் ஆகியவையே அதன் கூறுகள். இரண்டாண்டில் பகடிவதை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பின்லாந்தின் 'கிவா' திட்டமோ சுற்றி நிற்போரையே முதன்மையாகக் கொண்டது. அங்குப் பாதிக்கப்பட்ட மாணவருடன் ஆசிரியர் பேசுவதோடு, வகுப்பில் மதிப்புப்பெற்ற சில மாணவரை அழைத்து, அவருக்கு எவ்வாறு துணைநிற்கலாம் என்றும் கேட்கின்றனர்.

நம் பள்ளிகளில் வழக்கமாக நிகழ்வது வேறு. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, 'கைகொடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சமமானவர் இட்ட சண்டைக்கு அது பொருந்தும். சமமற்ற இருவரிடையே அந்தக் கைகுலுக்கல், எளியவனின் கையை வலியவன் மற்றுமொருமுறை பற்றிக்கொள்வதாகவே முடியும். 'நீயும் திருப்பி அடி' என்னும் வீட்டு அறிவுரையும் அத்தகையதே. அடிக்க இயன்றவனாயின் அவனைச் சீண்டியே இருக்கமாட்டார்கள்.

ஆசிரியரிடம் கூறுபவனை 'மாட்டிவிட்டான்' என்று இகழும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பிறரைத் துன்பத்துள் தள்ளச் சொல்வது கோள். துன்பத்திலிருந்து ஒருவரை மீட்கச் சொல்வது முறையீடு. முறையிட்டவரைக் காப்பது பெரியோர் கடமை. 2023இல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சாதியின் பெயரால் உடன்பயின்றோர் இழைத்த துன்புறுத்தலை வெளியே சொன்ன மேல்நிலை மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் தன் அறிக்கையை அளித்தது. மாணவர் கைகளில் சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பள்ளிக்குள் சொல்ல இயலாத நிலையில், பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம்.

நம் மேல்நிலைப்பள்ளிகள் பலவற்றில் ஆறாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. குடிநீர்த் தொட்டியருகே, மிதிவண்டி நிறுத்தத்தில், சத்துணவு வரிசையில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை நால்வர் சூழ்ந்து நிற்கும்போது, ஆசிரியர் அங்கிருப்பதில்லை. நீங்கள் இருக்கிறீர்கள். நால்வரையும் அடக்க வேண்டியதில்லை. அச்சிறுவனைப் பெயர்சொல்லி அழைத்து, அவனோடு பேசியபடி வகுப்பறை வரை நடந்தாலே அந்தக் கூட்டம் கலைந்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் ஆசிரியர் கண்காணிப்புக்கு எட்டாத இடங்களை வரைபடத்தில் குறித்து, தலைமையாசிரியரிடம் அளிக்க.

2. கேலிக்கும் பகடிவதைக்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்பு மாணவருக்கு விளங்குமாறு ஒரு நாடக உரையாடலாக எழுதுக. சுற்றி நிற்போர் மூவருக்கேனும் அதில் பேச்சு இருத்தல் வேண்டும்.