உலகாயதர் கொள்கை

காட்சியொன்றே பிரமாணம், பூதங்களின் வேறாய் உயிரில்லை, மறுமையுமில்லை என்பார் உலகாயதர். சிவஞான சித்தியார் பரபக்கத்து ஆராயப்படும் 14 மதங்களுள் இஃதே முதலாவது. மறுமை வேண்டாது வாழ்வார் எக்காலத்தும் உளராதலின், அவர் கூற்றை எளிதெனத் தள்ளாது கேட்டல் முறையாம்.

மணிமேகலை 27ஆங் காதையில், வஞ்சி நகரத்துப் பூதவாதி அதனை உவமையான் விளக்குவான். ஆத்திப்பூவுங் கருப்புக்கட்டியும் பிறவுங் கூடியவழிக் களிப்புப் பிறக்குமாறு போலப் பூதங்கள் கூடியவழி உணர்வு பிறக்கும். அவை பிரிந்தவழி அதுவுங் கெடும் என்பது அவன் துணிபு. (உலகாயதரோடு இவனுக்குச் சிறிது வேறுபாடும் உண்டு.) அதுகேட்டு நகைத்த மணிமேகலை, “உன் தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறறிந்தாய்?” என்னுங் கருத்துப்பட வினாவுகின்றாள். இவ்வினா காட்சியொன்றே அளவையென்பதனைத் தகர்க்கும். களிப்புவமைக்கோ விடையாகாதென்பது நம் கருத்து.

உண்டு களித்தலே இவர் ஒழுக்கமென்னும் பழிச்சொல்லையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். இவர்தம் மூலசூத்திரம் முழுமையாய் நமக்குக் கிடைத்திலது. அறிவனவற்றுட் பெரும்பாலன எதிர்வாதியர் நூல்வழி வந்தனவே. இவருட் புரந்தரர் என்பார் உலகியற் பொருளளவில் அனுமானத்தை உடன்பட்டு, மறுமைக்கு மாத்திரம் அதனை மறுத்தார். அவர்மாட்டு மணிமேகலையின் வினா செல்லாது. உணர்வு சடத்தினின்றும் பிறக்குமோ என்பதொன்றே அவரோடு நாம் வாதித்தற்குரியது.